மாப்பிள்ளை விசாரம்

தென்காசி
17.1.1994

தங்கச்சி புஷ்பத்துக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. உன் மதினிக்கு முட்டுவலி, எனக்குக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகுவலி. மற்றபடி வீட்டில் குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று நீயாக எழுதினால்தானே எங்களுக்குத் தெரியும்?

விஷயம் எங்கள் மகள் கீர்த்தியின் கல்யாணத்தைப் பற்றி. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நம் ஊர்ப்பக்கத்துக் குடும்பத்திலிருந்து ஜாதகம் வந்திருக்கிறது. பையன் பெயர் ஆனந்தகுமார். பி.காம்., வயது இருபத்தேழு. தகப்பனாரோடு கடையைப் பார்க்கிறான். பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஜாதகத்தை ஜோசியர் பார்த்துவிட்டார், ஆளை நாம்தான் பார்க்க வேண்டும். அடையாறிலிருந்து தி. நகர் என்ன தூரம்? ஒரு சனிக்கிழமை போய் விசாரித்து எழுது.

சிகரெட் உண்டா, சீட்டு உண்டா, தகப்பனை எதிர்த்துப் பேசுவானா, சாப்பிடும்போது சத்தம் வருமா, கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்க்கிறானா கூட்டத்தைப் பார்க்கிறானா, தூங்கும்போது குறட்டை உண்டா. குறட்டையை எப்படி விசாரிப்பது என்று என்னைக் கேட்காதே. காலேஜில் தத்துவம் நடத்துகிறவள் நீ, உனக்கு வழி தெரியும்.

முப்பது வருஷம் பாத்திரக்கடையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம் பிரியம் வைக்க வேண்டும். மாற்றிச் செய்தவன் எவனும் உருப்பட்டதில்லை.

பத்து நாளில் பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணன் அய்யாதுரை


அடையாறு
30.1.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். இதோ, நானாகவே எழுதிவிட்டேன். மதினியை மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

நீங்கள் எழுதியதைத்தான் நானும் இருபத்திரண்டு வருஷமாக வகுப்பில் சொல்கிறேன். அறியாத ஒன்றின் மேல் அன்பு வைக்க முடியாது. வைத்தால் அதற்குப் பெயர் வெறும் ஆசை. அறிவு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து கூப்பிட்ட பிறகுதான் அன்பு உள்ளே போக வேண்டும். ஜூலையில் மயிலாப்பூரில் ஒரு சபையில் இதே பொருளில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒன்றை அறிய நம் சைவ சித்தாந்தத்தில் மூன்று வழி: கண்ணால் காண்பது, கண்டதை வைத்துக் கருதுவது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. முதலில் காணப் போனேன். ஜவுளிக்கடைக்கு எதிர்ச்சாரியில் நின்றேன். பையன் உயரம், நல்ல நிறம். அதற்குள் பக்கத்து ஜூஸ் கடைக்காரர் ஷாஹுல் ஹமீது, “இன்னாம்மா, அரை அவரா அந்தக் கடையயே பாத்துக்கினு கீறீங்க? சேல்ஸ் டாக்ஸா?” என்று கேட்டுவிட்டார். அவரிடமே விசாரித்தேன். “தங்கமான புள்ள. ஆனா ஒண்ணு, சில நாளு நின்னு சிரிச்சிட்டுப் போவான். சில நாளு மூஞ்சிக்கு நேரா வந்தாலும் கண்டுக்காம போய்க்கினே இருப்பான்.” இதிலிருந்து பையனுக்கு மனநிலை மாறிமாறி வரும் என்று கருதலாம்.

நம்பத்தக்கவர் என்று ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் பஞ்சாட்சரம் என்பவரைச் சொன்னார்கள். சும்மா எப்படிப் போவது? கண் பரிசோதிக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். கனத்த ஒரு சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லை வில்லையாக மாற்றி, “இது தெளிவா, இதுக்கு முந்தினது தெளிவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நடுவில் ஆனந்தகுமாரைப் பற்றிக் கேட்டேன். “மொதல்ல உங்க கண்ணு மேடம். அப்புறம் அந்தப் பையன்” என்றார். எனக்கு வெள்ளெழுத்தாம். கண்ணாடி அடுத்த சனிக்கிழமை கிடைக்கும். மீதியை அன்று விசாரிக்கிறேன்.

தங்கை புஷ்பம்


தென்காசி
6.2.1994

புஷ்பத்துக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் மதினி நேற்றும் மாடிப்படி ஏறினாள்.

பார்த்தும் பாராமல் போவது நல்ல குணமில்லை. காரணம் தெரிய வேண்டும். கண்ணாடிக்காரரை விடாதே. ஒருநாளில் வாயைத் திறக்காவிட்டால் நாலு நாள் போ. எத்தனை நாளானாலும் பரவாயில்லை.

அய்யாதுரை


அடையாறு
20.3.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாரம் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மதினியின் முட்டு எப்படி?

நீங்கள் சொன்னபடி நாலு சனிக்கிழமை போனேன். ஐந்தாவதும் போனேன், கண்ணாடிச் சட்டம் கொஞ்சம் தளர்ந்துவிட்டதால். பையனுக்கு சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. தகப்பனுக்குப் பயப்படுகிறான், கொஞ்சம் அதிகமாகவே. இதற்கு மேல் பஞ்சாட்சரம் ஒரு வார்த்தை சொல்ல மறுக்கிறார். “கடைக்கு வர்றவங்க இருட்டு ரூம்ல உக்காந்து எங்கிட்ட சொன்னத வெளிய சொன்னா, நாளைக்கு யாரும் எங்கிட்ட உண்மைய சொல்ல மாட்டாங்க மேடம். அவங்க சொல்லாம எனக்கு எதுவும் தெரியாது. மிஷின் பாதிதான் சொல்லும். மீதி, ‘இதுதான் சார் தெளிவு’ன்னு அவங்க வாயால வரணும். நம்பிக்கை இல்லாதவன் தப்பாத்தான் சொல்லுவான்.”

சபைப் பேச்சைப் பற்றி அவரிடம் சொல்லும்படி ஆனது. அவர் ஒரு கேள்வி கேட்டார். “இச்சை, ஞானம், கிரியைன்னு வரிசையா சொல்றீங்களே. ஏன் ஞானம் ரெண்டாவது வருது? ஆசைதானே முன்னாடி நிக்குது? வடபழனியில தெனம் பாக்கறேன், முருகனப் பத்தி எல்லாம் தெரிஞ்ச பிறகுதான் கும்பிடணும்னா ஒருத்தன் உள்ள போக முடியுமா?” அது சக்திகளின் வரிசை, அறிதலின் வரிசை அல்ல என்று சமாளித்தேன். “அப்படியா?” என்று மட்டும் கேட்டார். பஸ் ஏறிய பிறகும் அந்த ‘அப்படியா’ காதில் இருந்தது.

அவர் மனைவி காலமாகி ஒன்பது வருஷம். பெண்ணை பெங்களூரில் கொடுத்திருக்கிறார். கடையின் பின்னால் அவரே காப்பி போடுகிறார், சர்க்கரை சேர்ப்பதில்லை. இதெல்லாம் விசாரணைக்குத் தேவையில்லைதான். பேனாவால் எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும்.

தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று இப்போது என்னிடம் இரண்டு கண்ணாடி. வெயிலுக்கு மூன்றாவது ஒன்று சொல்லியிருக்கிறேன்.

புஷ்பம்


தென்காசி
28.3.1994

புஷ்பத்துக்கு,

உன் கடிதம் படித்து ரொம்பக் கவலைப்பட்டேன். இரண்டு மாதத்தில் மூன்று கண்ணாடி என்றால் உன் கண்ணில் ஏதோ பெரிதாக இருக்கிறது. அந்தக் கண்ணாடிக்காரர் மறைக்கிறார். பொன்னாங்கண்ணிக் கீரை தினமும் சாப்பிடு. லீவில் வா, மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டலாம்.

உன் கடிதத்தை உன் மதினிக்கும் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, “கண்ணுல ஒண்ணும் இல்ல” என்றாள். வேறு என்ன என்றால் சிரிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

பையனைப் பற்றி நாலு வரி, மற்றவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். இருந்தாலும் சிகரெட் இல்லை என்பது போதும். மே 15, ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். உன்னால் வர முடியுமா?

அய்யாதுரை


தென்காசி
17.5.1994

என் பிரியமான அத்தைக்கு,

கண் எப்படி இருக்கிறது? அப்பா தினமும் கேட்கிறார். அம்மா கேட்பதில்லை. “ஒங்க அத்தைய நெனச்சா எனக்கு நிம்மதியா இருக்கு” என்கிறாள்.

நீங்கள் வராதது பெரிய நஷ்டம். பதினோரு மணிக்கு வந்தார்கள். அப்பா நாலு ட்யூப் லைட்டையும் போட்டிருந்தார். நான் காப்பி கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அவருடைய தகப்பனார், “ஏதாச்சும் கேக்கணும்னா கேளுடே” என்றார். அவர் நிமிர்ந்து, அம்மாவைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, “நீங்க மேல படிக்கணும்னு ஆசைப்படுறீங்களா?” என்று கேட்டார்.

அம்மா, “எய்யா, எனக்கு அம்பது வயசாவப் போவுது” என்றாள்.

அப்புறம் அவர்தான் முதலில் சிரித்தார். தன்னைப் பார்த்தே சிரிக்கிற சிரிப்பு. “மன்னிக்கணும், வெளிச்சம் பத்தல” என்றார். அப்பா, “தமாஷான பையன்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போகும்போது அவர் வாசல் என்று நினைத்து, சாமான் அடைத்துக் கிடக்கும் அரங்குவீட்டுக்குள் நுழையப் பார்த்தார். அதையும் அப்பா தமாஷ் கணக்கில் சேர்த்துவிட்டார்.

அவர்கள் வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள். நானும் சரி என்றேன். ஆனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன் அத்தை, நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. முகம் எப்படி என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சிரிப்புக்காகத்தான் சரி என்றேன். இது தப்பா? நீங்கள் தத்துவம் படித்தவர்கள், சொல்லுங்கள்.

உங்கள் கீர்த்தி


தென்காசி
5.6.1994

புஷ்பம்,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை.

அந்தப் பையன் கடிதம் எழுதியிருக்கிறான். கண்ணில் பவர் மைனஸ் ஆறாம். கண்ணாடி போட்டால் பெண் கிடைக்காது என்று தகப்பன் போடவிடுவதில்லையாம். கண்ணுக்குள்ளேயே ஒட்டுகிற லென்ஸ் வைத்திருக்கிறானாம், கண் எரிகிற நாளில் அதுவும் கிடையாதாம். பெண் பார்க்க வரும்போது ரயில் வாஷ்பேசினில் அதைத் தொலைத்துவிட்டு, ஒன்றும் தெரியாமலே வந்து, ஒன்றும் தெரியாமலே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். என் கடை அண்டாவை உட்காரவைத்திருந்தாலும் சரி என்றிருப்பான்!

உன் கண்ணாடிக்காரருக்கு இது தெரியாமலா இருந்தது? ஐந்து மாதம் நீ என்னதான் விசாரித்தாய்? சம்பந்தத்தை நிறுத்தப் போகிறேன்.

அய்யாதுரை


அடையாறு
11.6.1994

அண்ணனுக்கு,

பஞ்சாட்சரத்துக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. ஆனால் பையன் ஊரிலிருந்து திரும்பி வந்து அவரிடம் அழுதபோது, “எங்கிட்ட ஏன் சொல்ற? அந்தப் பொண்ணு வீட்டுக்கு நீயே எழுது” என்று உட்காரவைத்தவர் அவர்தான். பேனா கொடுத்தவள் நான். மூன்று தாளைக் கிழித்துவிட்டு நாலாவதில் எழுதினான்.

நீங்கள் கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் வாங்கியிருந்தாலும் கிடைக்காத ஒன்றை அவனாகவே எழுதிக் கொடுத்துவிட்டான். அதற்காக அவனை வேண்டாம் என்கிறீர்கள்.

அண்ணா, என்னைப் பார்க்கப் பதினோரு பேர் வந்தார்கள். நாம் இதுவரை இதைப் பேசியதில்லை. ஒருவருக்கு மஞ்சள் பல். தூத்துக்குடி வாத்தியார் இடது கையால் எழுதுவார். ஒருவருடைய சித்தப்பா நாடகத்தில் நடித்தார். எட்டாவதாக வந்தவரிடம் எவ்வளவு விசாரித்தும் குறை ஒன்றும் கிடைக்கவில்லை. “இவ்வளவு சுத்தமா இருந்தா எங்கேயோ ஒண்ணு ஒளிஞ்சிருக்கு” என்று அவரையும் விட்டுவிட்டீர்கள். என் மேல் வைத்த அக்கறையால்தான் செய்தீர்கள், தெரியும். பழி முழுக்க உங்கள் மேல் போடவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த எட்டாமவர் தவிர.

கீர்த்தியை ஒரு வார்த்தை கேளுங்கள். அவளும் அவனைப் பார்க்கவில்லை.

புஷ்பம்


தென்காசி
2.8.1994

தங்கச்சி புஷ்பத்துக்கு,

இங்கு சாரல் நன்றாக இருக்கிறது. உன் மதினிக்குக் குளிரில் முட்டு இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. உன் உடம்பு தேவலையா?

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. ஏழு வாரமாக எழுதிப் பார்த்தேன்.

கீர்த்தியைக் கேட்டேன். “கண்ணாடியப் போட்டுட்டு இன்னொரு தடவ வரச் சொல்லுங்கப்பா, நானும் நிமிந்து பாக்கேன்” என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை பையன் தனியாக வந்தான். சோடா பாட்டில் அடிப்பாகம் போல ஒரு கண்ணாடி. கீர்த்தி எதிரே வந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அப்படி முழித்துப் பார்த்தார்கள். “நீங்கதானா?” என்றான் அவன். “இவருதானா?” என்று இவள் எங்களைக் கேட்டாள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் உன் மதினி காப்பியைக் கொட்டிவிட்டாள்.

செப்டம்பர் 4 கல்யாணம். நீ ஒரு வாரம் முன்னால் வந்துவிட வேண்டும். அந்தக் கண்ணாடிக்காரரையும் கூப்பிட்டிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை போனால் போதாது, நம் வீட்டிலிருந்தும் ஒன்று வைக்க வேண்டும் என்று உன் மதினி ஒற்றைக்காலில் நின்றாள். எதற்கென்று தெரியவில்லை.

சபையில் உன் பேச்சு எப்படி நடந்தது? அதை எழுதவேயில்லையே.

அய்யாதுரை


அடையாறு
25.9.1994

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

கல்யாணக் களைப்பு உங்களுக்குத் தீர்ந்திருக்கும். எனக்குத் தீர இன்னும் நாலு நாள் ஆகும். கீர்த்தி நேற்று அடையாறுக்கு வந்தாள். அவன் ராத்திரி கண்ணாடியைக் கழற்றி வைத்த இடத்தைக் கண்டுபிடிக்கக் காலையில் இன்னொரு கண்ணாடி தேவைப்படுகிறதாம். சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

சபைப் பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். பன்னிரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அறிவு முன்னே, அன்பு பின்னே என்று முதல் பக்கம் வாசித்தேன். மூன்றாவது வரிசையில் பஞ்சாட்சரம் உட்கார்ந்திருந்தார். கடைக்கு அரைநாள் லீவு விட்டுவிட்டு, சித்தாந்தம் கேட்க. இரண்டாம் பக்கத்தைப் புரட்ட எனக்குக் கை வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, “இருபத்திரண்டு வருஷமாகத் தப்பாகப் பாடம் நடத்தியிருக்கிறேன் என்று சந்தேகமாக இருக்கிறது” என்றேன். நல்ல கைதட்டல். ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, “அப்ப அன்புதான் முன்னாடியா?” என்று கேட்டார். “பிரியம் இல்லாதவர்கள் நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிரியம் உள்ளவர்கள்தான் ஐந்தாவது சனிக்கிழமையும் வருவார்கள்” என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. மூன்றாவது வரிசைக்குப் புரிந்தது.

நேராகவே எழுதிவிடுகிறேன். அக்டோபர் 28, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு வடபழனி கோயிலில் எனக்கும் அவருக்கும் கல்யாணம். கீர்த்தி கல்யாணத்தில் நீங்களே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை பரிமாறினீர்களே, அவர்தான். எனக்கு நாற்பத்தேழு, அவருக்கு ஐம்பத்திரண்டு. நம் ஆட்கள் இல்லை. அவருடைய பெண் பெங்களூரிலிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டு, “அப்பா காப்பிய மட்டும் குடிக்காதீங்க ஆன்ட்டி” என்று அனுமதி கொடுத்துவிட்டாள்.

விசாரிக்க வேண்டாம் அண்ணா. உங்களை எதிர்த்துச் சொல்லவில்லை. எனக்கும் அவரைப் பற்றி எல்லாம் தெரியாது. மீதியைப் பிறகு தெரிந்துகொள்கிறேன். நீங்களும் மதினியும் வர வேண்டும். வராவிட்டால் நான் அழுவேன், ஆனால் கல்யாணம் நடக்கும்.

புஷ்பம்


தென்காசி
19.10.1994

என் தங்கச்சிக்கு,

மூன்று வாரமாக நான் பதில் போடாததில் நீ எவ்வளவு தவித்திருப்பாய் என்று உன் மதினி தினமும் சொல்லிக்காட்டுகிறாள். விஷயம் அவளுக்கு மார்ச் மாதத்திலிருந்தே தெரியுமாம். ஒரே கடிதம்தான், நான் படித்தேன், அவள் கேட்டாள்.

உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். விசாரிக்க வேண்டாம் என்று நீ எழுதியும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கொள்முதல் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறி, போன செவ்வாய்க்கிழமை தி. நகர் வந்தேன். உனக்குத் தெரியாது. கண் பரிசோதிக்க வேண்டும் என்று அவர் கடையில் போய் உட்கார்ந்தேன். இருட்டு அறையில் மெதுவாகப் பேச்சுக் கொடுக்கலாம் என்று திட்டம்.

அவர் அந்தக் கனத்த சட்டத்தை என் மூக்கில் மாட்டிவிட்டு, “நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். உங்க கண்ணுக்கு அது தெரிய வேணாம். மோவாய நேரா வைங்க” என்றார். மோவாயை நேராக வைத்தேன். எழுத்துப் பலகையில் இரண்டாவது வரிசையே தெரியவில்லை. “எத்தன வருஷமா இப்படி ஓட்டறீங்க?” என்று கேட்டார். கேள்வி கேட்கப் போனவன் நான். அரை மணி நேரம் கேட்டதெல்லாம் அவர். நானும் எல்லாவற்றுக்கும் உண்மையையே சொன்னேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே கண்ணாடி செய்து கொடுத்து, பஸ் நிலையம் வரை கூடவே வந்து, ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

காலையில் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தது உன் மதினி. அவள் தலையில் பாதிக்கு மேல் நரை, புஷ்பம். “இது எப்ப வந்திச்சு?” என்று கேட்டேன். “எட்டு வருசம் ஆவுது” என்றாள். “சொல்லலியே” என்றேன். “நீங்க கேக்கலியே” என்றாள்.

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஊரிலுள்ள பையன்களையெல்லாம் விசாரித்தவன் நான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு அவள் எழுந்து போய்க் காப்பி போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷம். இடது காலை ஊன்றித்தான் எழுந்திருக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறாள்.

நாங்கள் 26ஆம் தேதியே வந்துவிடுவோம். கல்யாணம் முடிந்த கையோடு நீங்கள் இரண்டு பேரும் எங்களோடு தென்காசிக்குப் புறப்பட வேண்டும். கீர்த்தியும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். இந்த வருஷம் நம் வீட்டில் இரண்டு தலைதீபாவளி. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கெதற்கு மோதிரம் என்று அவர் கூச்சப்பட்டால் நீதான் சமாதானம் சொல்ல வேண்டும். என்னை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று தெரியவில்லை. மச்சான் என்றே கூப்பிடலாம்.

சீர்ப்பாத்திரம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். குடம், அண்டா, தூக்குவாளி, ஒன்றும் பாக்கியில்லை. பேர் வெட்டுகிறவன் காத்திருக்கிறான். அவரைப் பற்றி எனக்கு ஒரே ஒரு விவரம்தான் வேண்டும், கடிதம் கண்டதும் போன் பண்ணு: அவருடைய இனிஷியல் என்ன?

உன் அண்ணன்
அய்யாதுரை